யாரும் உடுத்தாத முத்திரை

எங்கள் என்டொன்சோ ஊருக்கு அச்சுத் துணி வாங்க வருகிறவர்கள் என்சியா செதுக்கிய ஒரு முத்திரை பதித்த துணியை மட்டும் தங்களுக்கென்று வாங்குவதில்லை. அண்ணனுக்கு, மாமியாருக்கு, எதிர்க்கடைக்காரிக்கு, சபைச் செயலாளருக்கு என்றுதான் வாங்கிப் போகிறார்கள். விற்பனைக்குக் குறைவில்லை. ஆனால் அதை உடுத்திக்கொண்டு தெருவில் நடந்த ஆளை நான் ஒரே ஒரு தரம்தான் பார்த்திருக்கிறேன். அது என்சியாவேதான். நடந்தான் என்பதைவிட நடக்க வைத்தார்கள் என்றால் சரியாக இருக்கும்.

நான் போமா. அவன் பட்டறைக்குப் பின்பக்கம் மை காய்ச்சுகிறவள். மரப்பட்டையை ஊற வைத்து, இடித்து, தார் போலச் சுண்டும்வரை அடுப்பைவிட்டு நகராமல் நிற்கிற வேலை. புகை என் கண்ணைக் கொஞ்சம் கெடுத்துவிட்டது, காதைக் கெடுக்கவில்லை. அவன் முன்பக்கம் உட்கார்ந்து சுரைக்குடுக்கைத் துண்டில் கத்தியால் முத்திரை செதுக்குவான். கை தன் பாட்டுக்கு ஓடும், வாய் தன் பாட்டுக்கு ஓடும். கையைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. வாயைப் பற்றித்தான் இவ்வளவும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாலு பேர் கூடிய இடத்தில் சிரிப்பு வராவிட்டால் என்சியாவுக்குத் தலை வெடித்துவிடும். இழவு வீட்டுக்குப் போய், பிணத்தைப் பார்த்து, மனுஷன் இன்றைக்குத்தான் மற்றவர்களைப் பேசவிட்டிருக்கிறார் என்றான். செத்தவரின் மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். உபதேசியாரிடம், உங்கள் பிரசங்கம் கேட்ட பிறகு எனக்குத் தூக்க மாத்திரை தேவைப்படவில்லை என்று நன்றி சொன்னான். சொன்ன மறுநாள் அவனுக்கே உறைக்கும். சோறு இறங்காது, கத்தி கோணலாகப் போகும். நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன். ஆனால் போய், தப்பு என்னுது என்று சொல்லச் சொன்னால் மட்டும் ஊமையாகிவிடுவான்.

இங்கே அதற்கும் ஒரு வழி உண்டு. நேரில் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை. மரியாதையான பெரியவர் ஒருவர் கையில் ஒரு மதுப்புட்டியைக் கொடுத்து அனுப்பினால் அவர் நமக்காகக் கெஞ்சுவார். எதிராளி கொஞ்ச நேரம் முறுக்கிக்கொண்டு பிறகு இறங்கி வருவார், புட்டி திறக்கப்படும். மற்றவர்களுக்கு இது ஆயுளில் இரண்டு மூன்று தரம் தேவைப்படும். என்சியாவுக்கு மாதச் செலவில் அதுவும் ஒன்று. ஓய்வு பெற்ற போலீஸ்காரர் அம்போன்சா இதற்கென்றே ஒரு நல்ல துணியைத் தனியாக மடித்து வைத்திருந்தார். வழியில் பார்த்தால், "என்ன என்சியா, இந்த வாரம் வாய் எப்படி?" என்று விசாரிப்பார்.

அவன் மனைவி அப்ராகோமா சந்தையில் கருவாடு விற்கிறாள். அந்த வாய்க்காகவே அவனைக் கட்டிக்கொண்டவள். அவன் ஏதாவது சொல்ல, இவள் கண்ணில் நீர் வரச் சிரித்து என் தோளில் சாய்ந்துகொள்வாள். அதுவரை அந்த வாய் மற்றவர்கள்மேல்தான் பாய்ந்திருந்தது.

அன்றைக்குக் குமாசியிலிருந்து சேர்வா என்கிற பெரிய வியாபாரி இரண்டு பேரோடு துணி எடுக்க வந்திருந்தாள். அப்ராகோமா இங்கே பல பெண்களைப் போலத் தன் அம்மா வீட்டில் இருக்கிறவள். லாரி நிலையத்துக்கு அந்தப் பக்கம் வீடு. அங்கே சமைத்து, மூடிய பாத்திரத்தில் சாயங்காலம் புருஷன் வீட்டுக்கு அனுப்புவாள். அன்று விருந்தாளிகள் என்பதால் உச்சி வெயிலில் வேகவைத்த கிழங்கை ஃபுஃபுவாக இடித்து, சூப் வைத்து, தானே தலையில் சுமந்துகொண்டு வந்தாள். எல்லாருக்கும் பரிமாறிவிட்டு மீன் தட்டை எடுக்க வாசலுக்குப் போனாள். என்சியா ஒரு வாய் போட்டுக்கொண்டான். விருந்தாளிகள் மூன்று பேரும் அவன் முகத்தையே பார்த்தார்கள். அது போதும் அவனுக்கு.

"இந்தச் சூப்புல மீனைப் போட்டது தப்பு," என்றான். "தண்ணியப் பாத்ததும் உசிரு வந்து நீந்திப் போயிடுச்சு."

சேர்வாவுக்குப் புரை ஏறிவிட்டது. மற்ற இருவரும் தொடையில் தட்டிச் சிரித்தார்கள். அப்ராகோமா மீன் தட்டோடு கதவருகில் நின்றாள். வந்தாள், அவன் முன்னால் இருந்த மண் கிண்ணத்தை எடுத்து, சூப்பைக் கீழே கொட்டி, கிண்ணத்தைக் கல்மேல் ஓங்கி வைத்தாள். விளிம்பில் ஒரு சில்லு தெறித்தது. மீன் தட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு வந்த வழியே போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் சாப்பாடு வரவில்லை. மறுநாளும் இல்லை. யார் வீட்டுப் பாத்திரம் எந்த வாசலில் நுழைகிறது என்று பார்ப்பதற்கு எங்கள் தெருவுக்குக் கண் பத்தாது. என்சியா சாலையோரத்தில் பொரித்த வாழைக்காய் வாங்கித் தின்பதைப் பார்த்தே ஊர் விஷயத்தைத் தெரிந்துகொண்டது.

அம்போன்சாவை அனுப்பினான். அப்ராகோமா அவருக்கு முக்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, கெஞ்சல் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாளாம்: "மாமா, அவரு வாய் தப்புப் பண்ணும்போதெல்லாம் அடுத்தவங்க வாய்தான் வலிக்குது. இந்தத் தடவ அவரு வாயே வலிக்கட்டும்." புட்டி திறக்கப்படாமலே திரும்பி வந்தது. கல்யாணம் உடைகிறதே என்பதைவிட அதுதான் அம்போன்சாவைப் பாதித்தது. பிறகு உபதேசியார் போனார், அவருக்கும் அதே தண்ணீர், அதே பதில்.

அப்ராகோமாவின் தாய்மாமன் அடுசேய் சிரிக்கத் தெரியாத மனிதர். ஞாயிற்றுக்கிழமைக்குள் என்சியா வந்து சொந்த வாயால் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கல்யாணத்தன்று அவன் வீட்டார் கொடுத்த மதுவுக்கு ஈடாக ஒரு புட்டி வாங்கித் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லியனுப்பினார். அந்தப் புட்டி திரும்பி வந்தால் அதோடு கல்யாணம் தீர்ந்தது. அப்ராகோமாவும் சரியென்று தலையாட்டினாளாம்.

நாலு வார்த்தைதானே, போய்ச் சொல்லித் தொலையேன் என்றேன். "தொண்டை வரைக்கும் வருதுக்கா," என்றான். "அங்கயே உக்காந்துக்குது." முகம் செத்துப்போயிருந்தது. அவள் போய்விடுவாளோ என்ற பயத்தில் ஆள் பாதியாகிவிட்டான். எனக்குப் பாவமாக இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. இத்தனை பேரை நோகடிக்க வார்த்தை தேட வேண்டியிருக்கவில்லை, இதற்கு மட்டும் தொண்டை அடைக்கிறதாம்.

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. வாய் சொல்லாததைக் கை சொல்லட்டும், ஒரு முத்திரை செதுக்கித் துணியில் அச்சடித்து அனுப்பிவிடுகிறேன் என்றான். முதலில் பழைய முத்திரைப் பெட்டியைக் கவிழ்த்தோம். தைரியத்துக்கு இருந்தது, பொறுமைக்கு இருந்தது, கடவுளுக்கு இருந்தது, விட்டதைத் திரும்பிப் போய் எடுக்கிற பறவை இருந்தது. சமாதான முடிச்சும் இருந்தது. ஆனால் அது சண்டை தீர்ந்த பிறகு போடுகிற முடிச்சு. நான் தப்புப் பண்ணிட்டேன் என்று சொல்ல அந்தப் பெட்டியில் ஒன்றும் இல்லை. செதுக்கிய ஆண்கள் எல்லாரும் இவனைப் போலவே இருந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் மண்டியிட்ட மனிதன் ஒருவனைச் செதுக்கினான். அச்சடித்துப் பார்த்தால் தவளை. இதை அனுப்பினால் நீ மழைக்கு வேண்டிக்கொள்வதாக நினைப்பாள் என்றேன். அடுத்து ஒரு குனிந்த தலை. அது அகப்பை. பிறகு கயிறு கட்டிய நாக்கு ஒன்று. அது மேய்ச்சலுக்குக் கட்டிய ஆடு மாதிரி இருந்தது, ஆட்டுக்குக் கொம்பு எங்கே என்று கேட்டேன். மை வாங்க வந்த இரண்டு பெண்களையும் கூப்பிட்டுக் காட்டினேன். மூன்று பேரும் அடுப்பு அணைவது தெரியாமல் சிரித்தோம்.

"சிரிக்காதீங்கக்கா," என்றான். "காலைலருந்து உக்காந்து செஞ்சது."

சொன்னவன் அப்படியே நின்றுவிட்டான். தன் வாயிலிருந்து வந்தது தன் காதில் விழுந்துவிட்டது. அந்தப் பெண்கள் போகும்வரை கத்தியைத் தொடவில்லை. பிறகு உள்ளே போய், உடைந்த அந்தக் கிண்ணத்தை எடுத்து வந்தான். வெட்கத்தில் திருப்பி அனுப்பாமலே வைத்திருந்திருக்கிறான். தெறித்த சில்லும் அதற்குள்ளேயே கிடந்தது. குடுக்கைத் துண்டின்மேல் கிண்ணத்தைக் கவிழ்ப்பதுபோலப் பிடித்து அளவு பார்த்தான், பிறகு சின்னதாகச் செதுக்கினான். அச்சடித்தபோது ஒரு வட்டம், விளிம்பில் ஒரு இடைவெளி, இடைவெளிக்கு வெளியே ஒட்டியும் ஒட்டாமலும் ஒரு புள்ளி. அவ்வளவுதான்.

"கிண்ணம்," என்றான். "இது ஒடஞ்ச சில்லு. ஒடைய வச்சவன் தூக்கிப் போடல. பக்கத்துலயே வச்சுக்கிட்டு நிக்கிறான்."

இதைக் கேலி பண்ணத் தோன்றாமல், அடுப்பை மறுபடி மூட்டப் போனேன்.

வெள்ளைத் துணியைப் பலகைமேல் இழுத்துக் கட்டி, மை தொட்ட சீப்பால் கட்டம் கோடிட்டு, கட்டத்துக்குக் கட்டம் அந்த வட்டத்தை வைத்தான். என்னிடம் இருந்ததிலேயே கறுத்த மையைக் கொடுத்தேன். சனிக்கிழமை காலை துணியை மடித்து நானே தலையில் வைத்துக்கொண்டு போனேன். பாதிக் கல்யாணத்தை நானே நடத்தி வைப்பதுபோல எனக்கு நடை.

அப்ராகோமா துணியை மடியில் விரித்தாள். விரலால் அந்த வட்டத்தைச் சுற்றி வந்து புள்ளியில் நிறுத்தினாள். கிண்ணம் அவளுக்குப் புரிந்துவிட்டது என்று தெரிந்தது. கண் கலங்கியிருந்தது. முத்திரையின் பெயர் என்ன என்று மெதுவாகக் கேட்டாள். நான் பெருமையாக, "நான் தப்புப் பண்ணிட்டேன்," என்றேன்.

"யாரு?"

"நீ இல்லம்மா. அவன்."

"இதக் கட்டிக்கப்போறது யாருக்கா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும், துணி யார் உடம்பில் இருக்கிறதோ அவருக்காகத்தான் பேசும். பக்கத்து வீட்டுக்காரியைக் குத்த வேண்டுமென்றால் அதற்கான துணியைக் கட்டிக்கொண்டு அவள் வாசல் வழியாக நடந்தால் போதும், வாயே திறக்க வேண்டாம். முத்திரை செதுக்கியே வயிறு வளர்க்கிறவனுக்கும் அது தோன்றவில்லை, ஆயுள் முழுக்க மை காய்ச்சின எனக்கும் தோன்றவில்லை.

"இதக் கட்டிக்கிட்டு நான் நாளைக்கு சர்ச்சுக்குப் போனா ஊரு என்னக்கா சொல்லும்?" என்றாள் அப்ராகோமா. "பாவம், சூப்பு தண்ணியா இருந்துச்சுன்னு அவளே ஒத்துக்கிட்டான்னு சொல்லும். யாரு பேசணுமோ அவரு கட்டட்டும். கட்டிக்கிட்டு இங்க வரட்டும். வண்டியில வேண்டாம், நடந்தே வரட்டும்." துணியை மடித்து மறுபடியும் என் தலையிலேயே வைத்தாள்.

கேட்டதும் என்சியா முத்திரையைத் தூக்கி அடுப்பில் போடப் போனான். நான் கையைத் தட்டிவிட்டேன். வேறு வழி இருந்தால் சொல் என்றேன். இல்லை. பெண் அளவுக்கு வெட்டின துணி ஆணுக்கு எப்படி எட்டும்? ஓரத்தில் இன்னொரு துண்டை ஒட்டுப் போட்டு அதிலும் அச்சடித்தோம். ஞாயிற்றுக்கிழமை அவன் அதைத் தோளில் சுற்றியபோது ஒட்டுத் துண்டில் மை காயவே இல்லை. முழங்கையில் வட்டமும் புள்ளியும் ஒட்டிக்கொண்டன.

சர்ச் விட்டு ஊரே சாலையில் நின்ற நேரம். செதுக்குகிறவன் புது முத்திரை கட்டி வந்தால் பெயர் கேட்பது மரியாதை. கேட்டால் சொல்லாமல் போவது திமிர். சோள உருண்டை விற்கிறவள்தான் முதலில் கேட்டாள். என்சியா என்னைப் பார்த்தான், நான் வானத்தைப் பார்த்தேன். அங்கே நின்ற ஒரு வெள்ளாட்டிடம், "நான் தப்புப் பண்ணிட்டேன்," என்றான். ஆட்டிடம் இல்லை, என்னிடம் சொல் என்றாள் அவள். சொன்னான்.

அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. உபதேசியார் கேட்டார், கேட்டுவிட்டுப் பாடகர் குழுவையும் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். அம்போன்சா தன் கெஞ்சல் துணியைக் கட்டிக்கொண்டு வந்து கேட்டார். பதில் கிடைத்ததும் குறுக்குச் சந்தில் புகுந்து, மூச்சு வாங்க முன்னால் போய் நின்று, அப்போதுதான் பார்ப்பவர்போல மறுபடியும் கேட்டார். அடுத்த சந்திலும் அவர்தான் நின்றார். ஒரு வாசலில் அந்த இழவு வீட்டுக்காரியும் உட்கார்ந்திருந்தாள். அவள் கேட்கவில்லை. என்சியாவே நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னான். அவள் துணியின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு, நல்ல முத்திரை என்றாள்.

அதோடு அவன் நல்லபடியாகவே வந்திருக்கலாம். ஆனால் பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது, சேர்ந்த கூட்டம் சிரித்தது. சிரிப்புச் சத்தம் கேட்டால் என்சியாவுக்குக் கால் தரையில் நிற்காது. லாரி நிலையம் வருவதற்குள் கேட்காதவர்களுக்கும் சொல்ல ஆரம்பித்தான். கையை விரித்து, ராகம் போட்டு, நான் தப்புப் பண்ணிட்டேன் என்று கூவினான். ஒரு ஓட்டுநரிடம் துணிக்கு ஆர்டர்கூட எடுத்துவிட்டான். முதுகில் கிள்ளினேன், உறைக்கவில்லை.

அப்படியே பாட்டும் கூத்துமாக அவள் வீட்டு முற்றத்துக்குள் நுழைந்தோம். அடுசேய் மாமா நாற்காலியில் இருந்தார், பக்கத்தில் புட்டி இருந்தது. அப்ராகோமா உரல் அருகே உட்கார்ந்து, அவள் தங்கை உலக்கை போட, ஃபுஃபுவைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தாள். நிமிராமலே, அது என்ன துணி என்று கேட்டாள். என்சியா கையை விரித்து, அதே ராகத்தில் சொன்னான். வாசலில் நின்ற கூட்டம் சிரித்தது.

"அது தெருவுக்குச் சொன்னது," என்றாள் அவள். "லாரி நிலையத்துல சொன்னதே கேட்டுது. எனக்கு?"

உலக்கை நின்றது. விரித்த கை விரித்தபடியே இருக்க, என்சியாவின் முகத்திலிருந்து நாடகம் எல்லாம் வடிந்தது. அடுசேய் மாமா புட்டியின் கழுத்தைப் பிடித்தார். இவ்வளவு தூரம் வந்துவிட்டு இந்தப் பயல் இங்கே ஊமையாகிவிடுவானோ என்று பயந்தேன்.

அவன் துணி மடிப்புக்குள்ளிருந்து அந்தக் கிண்ணத்தை எடுத்தான். சில்லையும் எடுத்து, இரண்டையும் அவள் முன்னால் தரையில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தான்.

"சூப்பு நல்லாத்தான் இருந்துச்சு," என்றான். "அவங்க சிரிக்கணும்னுதான் சொன்னேன். வெயில்ல நீ சொமந்துக்கிட்டு வந்தத பாத்துட்டுத்தான் சொன்னேன்."

யாரும் சிரிக்கவில்லை. யாராவது சிரிக்கிறார்களா என்று அவனும் திரும்பிப் பார்க்கவில்லை. அவனைத் தெரிந்த நாளாக அப்படி ஒரு வாக்கியத்தை அவன் சொல்லி முடித்து நான் பார்த்ததில்லை.

அப்ராகோமா கிண்ணத்தைக் கழுவினாள். ஃபுஃபுவை உருட்டி வைத்து, உடைந்த விளிம்புக்குக் கீழே நிற்கிறபடி சூப் ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். அடுசேய் மாமா புட்டியை நாற்காலிக்கு அடியில் தள்ளினார். அது அங்கே அதிக நேரம் இருக்காமல் அம்போன்சா பார்த்துக்கொண்டார். எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது.

"சாப்புடுங்க," என்றாள் அவனிடம். "எப்பிடி இருக்குன்னு சொல்லுங்க."

முற்றமே எட்டிப் பார்த்தது. அவன் ஒரு வாய் விழுங்கினான். நானும் விழுங்கினேன். உப்பு என்றால் அப்படி ஒரு உப்பு, நாக்கு சுருண்டுவிட்டது. என்சியாவைப் பார்த்தேன். அவன் தொண்டையில் ஒரு கிண்டல் கிளம்பி மேலே வருவது எனக்குத் தெரிந்தது. கண்வரை வந்துவிட்டது, உதட்டோரம் துடித்தது. எதிரே அவ்வளவு கூட்டம் காத்துக்கொண்டு நின்றது. அவன் அப்ராகோமாவைப் பார்த்தான், அதையும் சூப்போடு சேர்த்து விழுங்கினான். கிண்ணத்தைக் காலி செய்து நீட்டினான்.

"நல்லா இருக்கு. இன்னும் கொஞ்சம் ஊத்து."

"உப்ப நான் தெரிஞ்சேதான் அள்ளிப் போட்டேன்," என்றாள் அவள்.

"தெரியும்," என்றான் என்சியா. கிண்ணத்தை இழுத்துக்கொள்ளவில்லை. "ஊத்து."

அவள் சிரித்துக்கொண்டே ஊற்றினாள்.